தளேகாவில் விட்டுவந்த பிள்ளை

தம்பி, நேற்று போனில் "லீவு சொல்லிட்டேன்ப்பா, ஆபரேஷன் அன்னிக்கு நான்தான் கூட இருப்பேன்" என்றாய். "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். வழக்கம்போல அப்பாவுக்கு என்னோடு பேச மனசில்லை என்று நினைத்திருப்பாய். மனசில்லாமல் இல்லை. பயந்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை என் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றப் போகிறார்கள். அதற்குப் பயமில்லை. ஐம்பத்தெட்டு வருஷம் ஓடிய வால்வு, மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றத்தான் வேண்டும். அது முடிந்து இரண்டு மூன்று நாள் ஐ.சி.யு.வில் வைத்திருப்போம் என்றார்களே, அதற்குத்தான் பயம். நான் கண் திறக்கும்போது எதிரே நீ நிற்பாய். அப்போது உன்னை எப்படிப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அப்படிக் கண் திறந்ததில்தான் நம் இரண்டு பேருக்கும் நடுவில் எல்லாம் கெட்டுப்போனது. அது ஏன் கெட்டது என்று நீ மனசுக்குள் ஒரு காரணம் வைத்திருக்கிறாய். அந்தக் காரணம் தப்பு. தப்பு என்று தெரிந்தும் உன்னை அப்படியே நம்பவிட்டவன் நான். வியாழனுக்குள் அதைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல வாய் வராது. உங்கம்மா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போன நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். கோயமுத்தூரில் டிப்ளமோ முடித்து, இருபத்திரண்டு வயதில் பூனா பக்கம் ஆகுர்டிக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்தேன். ரிட்டயர் ஆகும்வரை அந்த மேஜையை விட்டு நகரவில்லை. இன்ஸ்பெக்‌ஷன்காரனுக்கு ஒரே சாமிதான், அளவு. பார்க்க நன்றாக இருக்கிறது, கையில் பிடித்தால் சரியாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவேன். வெர்னியர் அளவுகோலை வை, படி, எழுது, கையெழுத்துப் போடு, அவ்வளவுதான். வீட்டிலும் இதே கூத்துதான். உங்கம்மா நறுக்கிய வாழைக்காயில் ஒரு துண்டு தடிமன், ஒரு துண்டு மெல்லிசு என்று குறை சொல்லப்போய், "நீங்களே வந்து ஸ்கேலு வெச்சு நறுக்கிக்குங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன். உன் பிறந்தநாள் தோறும் உன்னை நிறுத்தி வைத்து அளந்து ஒரு டைரியில் குறித்து வைப்பேனே, நினைவிருக்கிறதா? உயரம், கை நீளம், காது, இடது புருவத்துக்கு மேலே கேட்டில் இடித்துக்கொண்ட தழும்பு. மற்ற அப்பாக்கள் போட்டோ எடுத்து வைத்தார்கள், நான் அளவெடுத்து வைத்தேன். நீயும் சிப்பாய் மாதிரி விறைப்பாக நிற்பாய். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு எனக்கு வந்த பைத்தியமும் இன்ஸ்பெக்‌ஷன்காரனுக்கு வரக்கூடிய பைத்தியமாகவே வந்தது. பைத்தியம் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் வெறும் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. நான்காம் நாள் மூச்சு முட்டியது. நீதான் ஆட்டோ பிடித்து வந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும், இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்று சொல்லித் தொண்டையில் குழாயை இறக்கி மூச்சு மெஷினில் போட்டார்கள். பத்தொன்பது நாள். அத்தனை நாளும் நீ வெளி வராந்தா பெஞ்சில் பிசிக்ஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று உங்கம்மா சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். அடுத்த மாதம் உனக்குப் பன்னிரண்டாவது போர்டு பரீட்சை. உள்ளே வேளைக்கு ஒரு ஆளைப் பத்து நிமிஷம் விடுவார்கள். அதுவும் பச்சை அங்கி மாட்டி, தொப்பி போட்டு, முகத்தை மூடிக்கொண்டுதான். கண் இரண்டு மட்டும் தெரியும். அந்தப் பத்தொன்பது நாளில் நான் உன்னிடம் பார்த்தது அந்தக் கண்ணை மட்டும்தான்.

இனி எழுதப்போவது எதுவும் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நிஜமாக நடந்த பலதும் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது, இது மட்டும் இன்றைக்கும் துல்லியமாக இருக்கிறது. என் கட்டிலுக்கு வலது பக்கம் வெளிர்நீலத் திரை ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றிரண்டு. ஏழு புள்ளி மூன்று. இன்னொரு குரல் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டது. ஒருவர் எண்ணைச் சொல்ல இன்னொருவர் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதுதானே என் பிழைப்பு. யாரையோ அளவெடுக்கிறார்கள் என்று புரிந்தது. திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் உன் கால் தெரிந்தது. உன்னுடைய பழுப்புச் செருப்பு, கோணலான உன் சுண்டுவிரல். நீ அசையாமல் நின்றுகொண்டிருந்தாய். பிறந்தநாளுக்கு நிற்பாயே, அதே விறைப்பு.

எத்தனை நாள் நின்றாய் என்று தெரியாது. அங்கே பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை, குழல் விளக்கு எந்நேரமும் எரிந்தது. ஒரு தடவை பார்த்தபோது உன் காலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால் இருந்தது. அதே பழுப்புச் செருப்பு, அதே கோணல் விரல். எண்கள் மறுபடி முதலிலிருந்து வந்தன, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு. அப்புறம் ஒரு ஜோடிக் கால் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, பச்சை அங்கியோடு என் தலைமாட்டில் நின்று, "அப்பா, எப்பிடி இருக்கு?" என்று கேட்டது. இன்னொரு ஜோடி திரைக்குப் பின்னாலேயே நின்றது. அது கட்டில் கம்பியை விரலால் மெதுவாகத் தட்டியது. "அப்பா, நான் இங்க இருக்கேன்" என்றது. தொண்டையில் குழாய் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தேன், கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதே நேரத்தில் ஒரு நர்ஸ் மராட்டியில் "தளேகாவ்வாலா ஆலா", தளேகாவ்காரன் வந்துவிட்டான், என்று யாரிடமோ சொன்னாள். எங்கள் கம்பெனிக்குப் பாதிச் சரக்கு தளேகாவ் பட்டறை ஷெட்டுகளிலிருந்துதான் வரும். சரிதான், இந்தப் பிரதியும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் புரிந்துபோயிற்று.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவைப் பிடிக்கவே விரலுக்குத் தெம்பில்லை. உங்கம்மா கையைப் பிடித்துக்கொள்ள, கிறுக்கினேன். சரக்கைச் சரிபார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டது வாழ்க்கையில் அது ஒரு முறைதான் என்று அப்போது நினைத்தேன். நம் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. பதினாலு கிலோ இளைத்துப்போன என்னை முதுகில் சுமந்து நீதான் ஏறினாய். ஒவ்வொரு படியிலும் மூச்சை இழுத்துக்கொண்டு, "பயப்படாதீங்கப்பா, கெட்டியா புடிச்சிக்கங்க" என்றாய். உன் பிடரியில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை அடித்தது. பத்தொன்பது நாள் அங்கேயே கிடந்தவன்மேல் வேறு என்ன வாசனை அடிக்கும்? ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. இவன் அங்கே செய்யப்பட்டவன், அந்த வாசனை இன்னும் போகவில்லை. என் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு இவன் முதுகில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, வாயைத் திறக்காமல் அழுதேன். உடம்பு வலியில் அழுகிறேன் என்று நீ நினைத்தாய்.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் நீயும் பார்த்ததுதான். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. டம்ளரைத் தூக்கினால் பால் சட்டையில்தான் இருக்கும். வலது பாதம் தூக்காமல் தரையைத் தேய்த்தது. குக்கர் ஆவி விட்டால், மூச்சு மெஷின் என்று நினைத்துக் கட்டிலைப் பிடித்துக்கொள்வேன். துண்டு வேண்டும் என்று கேட்க, துண்டுக்கு என்ன பெயர் என்று தெரியாமல் கையைக் கையை ஆட்டுவேன். பார்க்க வந்தவர்களெல்லாம் "பொழச்சு வந்ததே பெருசுங்க" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பிழைத்து வந்தவன் குறை சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. உன்னைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் எரவாடா மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அதைவிட, சொன்னால் அந்தப் பிரதிக்கும் தெரிந்துவிடும். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன்.

ஆனால் நான் இன்ஸ்பெக்‌ஷன்காரன், சும்மா சந்தேகப்பட மாட்டேன். மதியம் உங்கம்மா எதிர்வீட்டுக்குப் போகும்போது, நீ ஹாலில் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவாய். அப்போது அலமாரியிலிருந்து என் வெர்னியரை எடுத்து, தவழாத குறையாக உன்னிடம் வருவேன். அதற்கு முந்தின நவம்பரில் உன் பதினேழாவது பிறந்தநாளுக்கு எடுத்த அளவு டைரியில் இருந்தது. வலது காது அறுபத்திரண்டு புள்ளி நாற்பது மில்லிமீட்டர். முதல் நாள் அளந்தேன், அறுபது புள்ளி எட்டு. மறுநாள் அறுபத்து நான்கு. அதற்கு மறுநாள் இரண்டுமே இல்லை. தழும்பும் அப்படியே, ஒரு நாள் சுருங்கியது, ஒரு நாள் நீண்டது. எந்த மனிதனுக்குக் காது நாளுக்கு நாள் மாறும்? இவன் இன்னும் முழுசாகக் காயவில்லை, உள்ளே ஏதோ அசைந்துகொண்டிருக்கிறது என்று நடுங்கினேன். ஒரு நாள் வெர்னியர் குளிர்ச்சிக்கு நீ கண் விழித்துவிட்டாய். "என்னப்பா பண்றீங்க?" என்றாய். "எறும்பு" என்றேன். நீ சிரித்துவிட்டு, "எடுத்து விட்ருங்க" என்று சொல்லித் திரும்பிப் படுத்தாய். அந்தச் சிரிப்பு என் பிள்ளையின் சிரிப்பு மாதிரியே இருந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். டைரியில் அன்றைய தேதி போட்டு, எதிரே நிராகரிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தைப் பிற்பாடு கிழித்து எரித்தேன். வாசகம் இன்னும் எரியவில்லை.

ஜூனில் ரிசல்ட் வந்தது. கணக்கிலும் பிசிக்ஸிலும் நீ போய்விட்டாய். போகாமல் எப்படி இருக்கும்? படிக்க வேண்டிய நாட்களை எல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் தின்றுவிட்டேனே. உண்மையைச் சொன்னால் உன் ரிசல்ட் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. யாரோ ஒருவன் பெயிலானான், அவ்வளவுதான். நீ மார்க் ஷீட்டோடு என் எதிரில் நின்றாய். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே போனதும் உங்கம்மா வந்து பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, நாலு மாசமா அவன் மூஞ்சியக் கூடப் பாக்கறதில்ல. மார்க்கு வாங்கமாட்டான்னு மொதல்லயே தெரிஞ்சுதானுங்களா இப்பிடி மொகத்தத் திருப்பிக்கறீங்க?" என்றாள். எவ்வளவு சௌகரியமான காரணம் பார். யாரும் சந்தேகப்பட முடியாத காரணம். நம்மவர்கள் வீட்டில் பிள்ளை பெயிலானால் அப்பன் பேசாமல் இருப்பான், அதில் என்ன அதிசயம்? "ஆமா, பெயிலானவன் மூஞ்சியப் பாத்து எனக்கு என்ன ஆகோணும்?" என்றேன். நீ உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். கதவுக்கு அந்தப் பக்கம் உன் கால் தெரிந்தது. அன்றைக்கு நீ எடுத்துக்கொண்ட அந்தக் காரணத்தைத்தான் இன்றைக்கும் வைத்திருக்கிறாய். தம்பி, நான் உன் மார்க்குக்காக உன்னிடம் ஒரு நாள்கூடக் கோபப்பட்டதில்லை. ஒரு நாள்கூட இல்லை.

ஜூலையில் எனக்கு நடை ஓரளவு வந்துவிட்டது. பிரதியை எடுத்த இடத்தில் கொடுத்தால்தான் அசலைத் தருவார்கள் என்று எனக்குள் முடிவாகியிருந்தது. கம்பெனியில் ரிஜெக்ட் சரக்கை அப்படித்தானே திருப்பி அனுப்புவோம். "தளேகாவ்ல பழைய சப்ளையர் ஒருத்தரப் பாக்கோணும், கூட வா" என்று உன்னைக் கூப்பிட்டேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு நானாகப் பேசிய வார்த்தை அது. நீ எப்படிப் பூரித்துப்போனாய்! இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்தாய். ஆகுர்டி ஸ்டேஷனில் லோக்கல் ஏறினோம். வெளியே மழை, ஜன்னல் ஓரம் என்னை உட்காரவைத்து, என் வலது காலை யாரும் மிதிக்காதபடி நீ குறுக்கே நின்றுகொண்டாய். அக்டோபர் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தாய். நான் தலையாட்டினேன். உன்மேல் எனக்கு வெறுப்பில்லை. அதையும் சொல்ல வேண்டும். நல்ல பையனாக இருக்கிறானே, இவனையும் பெற்றவர்கள் யாராவது தேடிக்கொண்டிருப்பார்களே என்று பரிதாபமாகத்தான் இருந்தது.

தளேகாவில் இறங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்து, டீ வேண்டும் என்றேன். நீ நனைந்துகொண்டே கடைப் பக்கம் ஓடினாய். எதிர்ப் பிளாட்பாரத்தில் பூனா போகிற லோக்கல் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு பாலம் ஏறி இறங்கி எப்படிப் போனேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வண்டி நகரும்போது பார்த்தேன். அந்தப் பிளாட்பாரத்தில் இரண்டு கையிலும் இரண்டு டீயோடு காலி பெஞ்சுக்கு எதிரில் நின்றாய். அப்புறம் தலையைத் தூக்கி, நேராக என் ஜன்னலைப் பார்த்தாய். நீ ஓடிவரவில்லை, கத்தவில்லை. டீயைக் கீழே போடவும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிஜப் பிள்ளை எந்நேரமும் படியேறி வருவான் என்று காத்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் படியில் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் நீதான் வந்தாய், சட்டையில் டீக் கறையோடு. உங்கம்மா, "சீக்காளி மனுசன ஒத்தையா அனுப்பிச்சுப்போட்டு எங்கடா போன?" என்று கத்தினாள். "நான்தான்மா, டீ வாங்கப் போயி ட்ரெய்ன மிஸ் பண்ணிட்டேன்" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். பெயிலான பிள்ளையை நடுவழியில் விட்டுவிட்டு வருகிற அளவுக்கு அப்பாவுக்கு வெறுப்பு என்று புரிந்துகொண்டு, அதையும் உங்கம்மாவிடம் மறைத்தாய். அடுத்த மாதமே மாமா வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று கோயமுத்தூர் போய்விட்டாய். நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

நவம்பரில் மறுபடி வேலைக்குப் போனேன். மூன்றாவது வாரம் ஒரு லாட் முழுவதையும், நானூறு புஷ் வளையம், அளவில்லை என்று தள்ளினேன். என் கையெழுத்துக்கு எதிர்க் கேள்வி கிடையாது. ஆனாலும் என்னோடு இருபது வருஷம் உட்கார்ந்த சாவந்த் அதைத் தனியாக மறுபடி அளந்து பார்த்திருக்கிறான். எல்லாம் சரியாக இருந்தது. மேலே போய்ச் சொல்லாமல், மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபின் ஒரு ஸ்லிப் கேஜைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அது அளவு கருவிகளையே சரிபார்க்கிற எஃகுக் கட்டை, இருபது மில்லிமீட்டர் என்றால் இருபதுதான். "அண்ணா, இதைக் கொஞ்சம் படிங்க" என்றான் இந்தியில். இருபது புள்ளி ஆறு என்றேன். "இன்னொரு தடவை." பத்தொன்பது புள்ளி இரண்டு. மூன்றாவது தடவை பதினெட்டு சொச்சம். வெர்னியரில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒட்டுகிறது என்று என் கண்ணுக்குத் தெரிந்தது, மூளைக்குப் போய்ச் சேரவில்லை. கோடுகள் நின்ற இடத்தில் நிற்காமல் நழுவின. சாவந்த் என் தோளில் கை வைத்து, "பரவாயில்லை, ரெண்டு மாசம் நான் படிக்கிறேன், நீங்க எழுதுங்க" என்றான். எனக்கு அவன் சொன்னது காதில் விழவில்லை. உன் காது மாறவில்லை, தம்பி. தழும்பும் மாறவில்லை. மெஷின் ஷாப்புக்குப் பின்னால் இரும்புச் சீவல் கொட்டும் இடத்தில் போய் நின்று வாய்விட்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாமா வீட்டு நம்பரைப் போட்டேன். நீதான் எடுத்தாய். "சொல்லுங்கப்பா" என்றாய், பயந்துபோன குரலில். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கிருந்து வெளியே வந்தது "பரீட்ச எப்பிடி எழுதுன?" என்பதுதான். நீ எழுபது வரும் என்றாய். வைத்துவிட்டேன். நான் உன்னை மகனில்லை என்று நினைத்தேன் என்று எந்த அப்பன் எப்படிச் சொல்வான்? மார்க்குக்காகக் கோபித்த அப்பன் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு, அந்தப் பத்தில் ஒருவனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். மெண்டல் என்ற பெயரைவிடக் கல்நெஞ்சன் என்ற பெயர் எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. நான் செய்ததிலேயே பெரிய தப்பு தளேகாவ் இல்லை. அது சீக்கு. தெளிந்த புத்தியோடு பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, இதுதான். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். அவர்கள் உன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்பு உனக்குச் சௌகரியமாகவும் இருந்தால், அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. வயசாக ஆகச் சொல்வது சுலபமாகும் என்று நினைக்காதே.

போன வாரம்தான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர், சின்னப் பெண், மராட்டிக்காரி. போன தடவை ஐ.சி.யு.வில் இருந்தபோது ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், என் பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். கிருமியும் தூக்க மருந்தும் தூக்கமில்லாமையும் சேர்ந்து மூளை தானாக ஒரு கதை கட்டும், பலருக்கும் கட்டும், வெளியே வந்த பின்னும் சிலருக்கு அந்தக் கதைதான் நிஜத்தைவிட அழுத்தமாக நிற்கும் என்றாள். கை கால் பலம், ஞாபகம், கணக்கு, மனசு எல்லாமே மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் அடிபட்டுக் கிடக்கும், பிழைத்து வந்தாரே என்கிற சந்தோஷத்தில் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், நோயாளியும் சொல்ல மாட்டார் என்றாள். இந்தத் தடவையும் வருமா என்று கேட்டேன். வராமல் பார்த்துக்கொள்வோம், ஆனால் வராது என்று சொல்ல முடியாது என்றாள். வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அப்புறம், "அவன் மாறுலீங்க. அங்கிருந்து வேற ஆளா வந்தது நீங்கதானுங்க" என்றாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய். நீ இப்போது வேலை பார்க்கிற ஹடப்சரிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வருகிறாய். மணி அடிக்கிறது, நான் கதவைத் திறக்கிறேன். நீ குனிந்து ஷூவைக் கழற்றி நிமிரும்வரை ஒரு இரண்டு மூச்சு நேரம் இருக்கும். அந்த இரண்டு மூச்சில் நீ வேறு யாரோ. ஒவ்வொரு தடவையும், இந்தப் பத்து வருஷமாக, தவறாமல். அப்புறம் நீ நிமிர்வாய், சரியாகிவிடும். நீ என் மகன் என்று எனக்குத் தெரியும், சந்தேகமே இல்லை. ஆனால் தெரிவது ஒரு இடத்தில் இருக்கிறது, அந்த இரண்டு மூச்சு வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. சில மதியங்களில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, திரைக்குப் பின்னால் நின்றவன் இப்போது எப்படி இருப்பான் என்று நினைப்பு வரும். அவனுக்கு இன்னும் பதினேழு வயசுதான். கம்பியைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். இல்லாத பிள்ளைக்காக நான் அழுதிருக்கிறேன், தம்பி, இருக்கிற பிள்ளை ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. வியாழக்கிழமை உள்ளே போனால் அவனை மறுபடி பார்ப்பேனோ என்று பயமாக இருக்கிறது. பார்க்க மாட்டேனோ என்றும் கொஞ்சம் இருக்கிறது.

அதனால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். இதை இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு மெதுவாகப் படி, பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள். நான் கண் திறந்து உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், நான்தான்ப்பா உங்க பையன் என்று வாதாடாதே. அழாதே. கடைசிப் பத்தியை மட்டும் எடுத்து எனக்குப் படித்துக் காட்டு. அது உனக்கு எழுதியதில்லை. அங்கிருந்து வரக்கூடிய அந்த ஆளுக்கு எழுதியது. எனக்கு அவரைத் தெரியும். பிடிவாதக்காரர், கெட்டிக்காரர், எதைக் காட்டினாலும் நம்ப மாட்டார்.

ஐயா, இது உங்கள் கையெழுத்துதான், அதையும் யாரோ பார்த்து எழுதியிருப்பார்கள் என்று சொல்வீர்கள். பரவாயில்லை. உங்கள் எதிரில் நிற்கிற பையன் உங்கள் பிள்ளை இல்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. சரி, இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் வாதாடப் போவதில்லை. ஆனாலும் யாரோ பெற்ற பிள்ளை. லீவு போட்டுவிட்டு, மூன்று நாளாக அந்த வராந்தாவில் கிடந்துவிட்டு வந்து நிற்கிறான். உங்களை முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறப்போகிறவன் அவன்தான். அளக்காதீர்கள். எங்கேயும் கூட்டிப்போய் விட்டுவிட்டு வராதீர்கள், நான் ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு இன்னும் வீடு வந்து சேரவில்லை. அவன் காலையிலிருந்து ஒன்றும் தின்றிருக்க மாட்டான். வாயில் குழாய் இருந்தால் கையைக் காட்டியாவது, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.